நடுவர் இல்லாத நீர்ப் பந்தயம்

மலம்புழா, மாட்டுப்பட்டி அணைகளில் படகுச் சவாரி செய்திருக்கும் நம் வாடிக்கையாளர் பலருக்கும் பாய்மரப் படகுப் பந்தயம் புதிதாக இருக்கலாம். சென்னையில் 1911ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இவ்விளையாட்டின் பழைய சங்கங்களுள் ஒன்று. இத்தகைய சங்கங்களில் உறுப்பினர்கள் தமக்குள் நட்புப் பந்தயம் நடத்துவதும், பின்னர்க் கரையில் கூடி விருந்துண்பதும் வழக்கம்.

இப்பந்தயங்களில் பெரும்பாலும் நீரின்மேல் நடுவர் இருப்பதில்லை. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறியவர் தாமே ஒதுங்கி, படகை இருமுறை முழுவட்டமாகச் சுழற்றியபின்பே பந்தயத்தைத் தொடரலாம். திருப்பத்தைக் குறிக்கும் மிதவையில் படகு உரசினால் ஒரு வட்டம். அதற்குள் பின்னால் வந்தவர் முந்திவிடக்கூடும். கைக்கெட்டிய பரிசும் நழுவும். தவற்றை ஒருவர் ஏற்க மறுத்தால், மற்றவர் முறையிடலாம். கரையில் ஒரு குழு இருதரப்பையும் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். தவறு உறுதியானால், அப்பந்தயத்தில் அவர் தகுதியிழப்பார்.

எவரும் காணாத இடத்திலும் விதியை மதிப்பார் என்ற நம்பிக்கை குலைந்தால், மாலை விருந்தில் ஒரே பந்தியில் அமர்வது எங்ஙனம்? கொடுக்கல் வாங்கலில் நாள்தோறும் ஈடுபடும் நமக்கும் இது பொருந்தும்.