விடாத விளையாட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் வடையும் டீயுமாக நிற்கும்போது மாதத்துக்கு ஒருவராவது என் தோளைத் தட்டி ஓரமாக அழைத்துப் போவார். “அண்ணே, எந்த ஆப் போட்டா பையன் கேம் விளையாடாம இருப்பான்?” அவர் அந்தப் பக்கம் போன ஐந்தாவது நிமிடம் அதே பையன் வருவான். “அங்கிள், இந்த கேம் என் லேப்டாப்ல ஓடுமா?”

இருவருக்கும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். கடந்த ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பிறகு, முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போய்விட்டது. அதையே எழுதித் தரும்படி வாலிபர் ஐக்கியத்தார் கேட்டார்கள். என் மகனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: “உங்க விஷயத்தையும் எழுதணும், அப்பா.” எழுதுகிறேன்.

தொழிலால் நான் கணினிக்காரன் அல்ல. சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். கணினி என்பது எனக்கு வீட்டுப் பைத்தியம். சிங்கப்பூருக்கு வந்த முதல் வாரமே சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்விட்டேன். இன்றைய வாலிபர்களுக்கு அந்தக் கட்டடத்தின் பழைய மவுசு தெரியாது. மாடிக்கு மாடி கடைகள். வாசலிலேயே ஏ4 தாளில் விலைப்பட்டியல் அடித்து வைத்திருப்பார்கள். மதர்போர்டு இந்தக் கடையில் மூன்று வெள்ளி குறைவு, ரேம் அந்தக் கடையில் ஐந்து வெள்ளி குறைவு என்று பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே ஏறி இறங்கினால் ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். மிச்சம் பிடித்த எட்டு வெள்ளிக்குக் கோப்பியும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு வருவேன். எங்கள் வீவக வீட்டின் பொருள் வைப்பறையில் சைக்கிளும் அரிசியும் இருக்கவேண்டிய இடத்தில் பழைய கணினிப் பெட்டிகள்தான் இருக்கின்றன.

விளையாட்டும் எனக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் கல்லூரி நாட்களில், ஒரு பயிற்சி மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடியிருக்கிறேன். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989-ல் வெளிவந்த கேம் அது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம் பிடித்து, அதைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்தக் கதாநாயகன் அசல் மனிதன் மாதிரி ஓடி, விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். இளவரசியை 60 நிமிடத்துக்குள் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினாலும் முடிந்தது, காப்பாற்றாவிட்டாலும் முடிந்தது. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்த 60 நிமிடத்தை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

மகன் தொடக்கநிலை ஐந்தில் இருந்தபோது வீட்டில் முதல் பூட்டைப் போட்டேன். இரவு 9 மணிக்கு மேல் அவனுடைய பழைய கைப்பேசிக்கு வைஃபை கிடைக்காதபடி ரவுட்டரில் தடுத்தேன். வலையோடு இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்று ஓர் எண் உண்டு. அந்த எண் வந்தால் கதவைத் திறக்காதே என்று ரவுட்டரிடம் சொல்லிவிடலாம். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் ரவுட்டரின் பட்டியலில் பெயரில்லாத ஒரு சாதனத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நம் வைஃபையில் நுழைந்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அது என் மகன். இப்போதைய கைப்பேசிகளில், வெளியிடங்களில் யாரும் நம்மைப் பின்தொடரக்கூடாது என்பதற்காக, நிஜ மேக் முகவரிக்குப் பதில் ஒரு பொய் முகவரியைக் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டிருக்கிறான், அவ்வளவுதான். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு திட்டினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சிரித்துவிட்டேன். என் பிள்ளைதானே என்று ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் தவறு என்று இப்போது தெரிகிறது. நான் பூட்டு போடுவதும் அவன் திறப்பதும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு விளையாட்டாகிவிட்டது. தெரியாத பட்டியலை அனுமதிக்காதே என்று மாற்றினேன். அவன் கடிகாரத்தை மாற்றி நேரக் கட்டுப்பாட்டைத் தாண்டினான். அதையும் அடைத்தேன். இதில் எதிலுமே, அவன் அப்படி எதை விளையாடுகிறான், அது ஏன் அவனை விடமாட்டேன் என்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவன் உயர்நிலைக்குப் போனதும் ஒரு கேம் பிடித்துக்கொண்டது. பெயர் வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. அவன் அம்மாவே, “படம் அழகா இருக்கே” என்றாள். ஆனால் ஏழு நாள் தொடர்ந்து உள்ளே வந்தால் ஒரு பரிசு. ஒரு நாள் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இரவு 9 மணிக்கு அவன் குழுவினர் முப்பது பேர் சேர்ந்து ஒரு பூதத்தை அடிப்பார்கள். வராதவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் எட்டே முக்காலுக்கு. நான் வேதபாடம் வாசிக்கும்போது அவன் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். சங்கீதம் நீளமாக இருந்தால் பிள்ளைக்கு வியர்த்துவிடும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. என் மனைவி வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், “என்னங்க, இது என்ன?” என்றாள். மூன்று வாரத்தில் சிறிது சிறிதாக 412 வெள்ளி போயிருந்தது. மளிகை வாங்குவதற்காக அவள் அட்டையை ஒருமுறை பையனின் கைப்பேசியில் பதிந்திருந்தோம். கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருக்கும் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் துணி எடுக்க அனுப்ப வேண்டிய பணம் அது.

கேட்டதும் அவன் மறுக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு பாத்திரம் வேண்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். இழுப்பது என்றால் தெரியாத பெற்றோருக்கு: பேரங்காடி வாசலில், காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஒரு பொம்மை விழும் இயந்திரம் இருக்கிறதே, அதேதான். ஜப்பான்காரர்கள் அதை கச்சா என்பார்கள். எந்தப் பொம்மை விழும் என்பது நம் கையில் இல்லை. கேமுக்குள் ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ மூன்று வெள்ளி. அவன் கேட்ட பாத்திரம் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. 137 முறை இழுத்திருக்கிறான். விழவில்லை.

நான் குரலை உயர்த்தினேன். பணத்தைவிட, மூன்று வாரம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மறைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. “அம்மாகிட்ட எப்படிடா இப்படி மறைக்கத் தோணுது?” என்றேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, “நீங்க கிராஃபிக்ஸ் கார்டு விலையை மறைக்கலையா?” என்றான்.

வீடு அமைதியாகிவிட்டது.

ஜூன் மாதம் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். கூட வந்தவன் அவன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் 200 வெள்ளி குறைத்துச் சொன்னேன். அப்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் கண்ணடித்தேன். அப்பாவும் பிள்ளையும் ஒரு கட்சி என்று அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மனைவி பக்கம் திரும்பி உண்மையைச் சொன்னேன். அவள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “விலை போட்ட பேப்பர் உங்க சட்டைப் பையில இருந்துச்சு. துவைக்கப் போட்டது நான்தானே? நீங்களா எப்போ சொல்றீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.” ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு கேம்காரர்களுக்கு எழுதினோம். கிடைக்கவில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்துக்காக, கைபடாமல் வைத்திருந்த என் பழைய பாகங்களை விற்றேன். அவன் தன் கைச்செலவில் வாரம் பத்து வெள்ளி அம்மாவுக்குத் தருகிறான். இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நூற்றுக்கு ஒன்றுன்னா, நூறு தடவை இழுத்தா கண்டிப்பா கிடைச்சிடும்னு நினைச்சியா?” என்று கேட்டேன். ஆமாம் என்றான். நியாயமான எண்ணம்தான். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். பைத்தானில் பத்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். 10,000 பிள்ளைகள், ஆளுக்கு நூறு இழுப்பு, ஒவ்வொன்றிலும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஓடவிட்டோம். 3,648 பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவன் மறுபடி ஓட்டினான். அதே அளவுதான். ஒவ்வொரு இழுப்பும் புதிதாகப் பிறந்தது. முன்னால் 99 முறை தோற்றதெல்லாம் அதற்கு ஞாபகம் இருக்காது.

பிறகு நான் சொல்லாமலே நூறை அழித்துவிட்டு 137 என்று தட்டினான். 2,531 வந்தது. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ நான் இதுல ஒருத்தன்” என்றான். பிறகு அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. 300 போட்டான், 500 போட்டான். 900 வந்தபோதுதான் ஒன்றிரண்டு பிள்ளைகள் மிஞ்சினார்கள். 900 இழுப்பு என்றால் 2,700 வெள்ளி. சில கேம்களில் இத்தனை முறைக்குப் பிறகு நிச்சயம் தருவோம் என்று உறுதி சொல்வார்கள். இதில் அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நூற்றுக்கு ஒன்று என்பதை அவர்கள் மறைக்கவில்லை. விதிமுறைப் பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆப்பிள் தன் ஆப் கடையில் இப்படிப்பட்ட கேம்கள் வாய்ப்பு விழுக்காட்டை வெளியிட வேண்டும் என்று 2017-லேயே விதித்தது. இழுத்த பொம்மைகளில் ஒரு தொகுப்பு முழுவதையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகையை ஜப்பான் 2012-ல் சட்டவிரோதம் என்றது. காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் சொன்னது. லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் பாவம் என்று சொல்லி வளர்ந்த வீடுகள் நம்முடையவை. அதே சீட்டு பிள்ளையின் கையில் பூனைக்குட்டிப் படத்தோடு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நம் பெற்றோர் கேமைப் பார்த்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சண்டை இருக்கிறதா? இங்கே கேம்களுக்கு ஏடிவி16, எம்18 என்று தரம் பிரிக்கிறார்கள். அதைப் பாருங்கள், பார்க்கவேண்டியதுதான். ஆனால் இந்த கேம் என் பிள்ளையைப் போக விடுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. இருபது நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடுகிற சண்டை விளையாட்டைவிட, என்றைக்குமே முடியாத முயல்குட்டி விளையாட்டு எனக்கு இப்போது அதிகம் பயம் தருகிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் சபையில் உண்டு, என் மனைவி உட்பட.

வாலிபத் தம்பி தங்கைகளே, என் மகன் அந்த கேமை அழித்துவிட்டானா என்று கேட்பீர்கள். உடனே அழிக்கவில்லை. குழுவிடம் சொல்லாமல் விலகினால் அசிங்கம் என்று ஒரு வாரம் தயங்கினான். பிறகு முப்பது பேருக்கும் ஒரு செய்தி எழுதிவிட்டு விலகினான். நான்கு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்களுக்கு அவன் போனதே தெரிந்ததா என்று தெரியவில்லை. அது அவனுக்குப் பணம் போனதைவிட வலித்தது. இப்போது கால்பந்து கேம் ஒன்று ஆடுகிறான், நண்பர்களோடு மைன்கிராஃப்ட் கட்டுகிறான். ரவுட்டரில் பூட்டு இன்னும் இருக்கிறது. தங்கைக்குச் சின்ன வயது, அவளுக்கு அது தேவை. வீட்டில் யாருடைய கைப்பேசியிலும் இப்போது வங்கி அட்டை இல்லை, என்னுடையதிலும்கூட. சிம் லிம்முக்குப் போகும் பழக்கம் நிற்கவில்லை. விலைப்பட்டியல் நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது.

சென்ற சனிக்கிழமை இரவு நான் ஒரு பழைய கணினியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வயது மகள் ஸ்கிராட்சில் தானே ஒரு கேம் செய்திருந்தாள். மேலேயிருந்து இட்லி விழும், பூனை பிடிக்க வேண்டும், 30 விநாடி. அண்ணன்காரன் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னான்: “தினமும் வந்தா ஒரு இட்லி ஃப்ரீன்னு போடு. அப்போதான் எல்லாரும் திரும்பத் திரும்ப வருவாங்க.” கேலிக்குச் சொன்னானா, நிஜமாகவா என்று எனக்குப் புரியவில்லை. அவள், “எதுக்கு? பூனைக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு” என்று கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவர்கள் மூவரும் மேசையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஒரே ஒரு திருகுதான் பாக்கி இருந்தது.