வடிக்காத பாஸ்தா

கோழிக்கறியையும் பாஸ்தாவையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து அரை மணி நேரத்தில் இரவு உணவை முடித்துவிடும் வழக்கம், வேலைக்குச் சென்று களைத்துத் திரும்புவோரின் வசதிக்காக அமெரிக்க வீடுகளில் பரவலானது. கழுவுவதற்கு ஒரு பாத்திரமே மிஞ்சும் என்பதுதான் இம்முறைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சிறப்பு. ஆயினும் இதன் உண்மையான சிறப்பு நீரில் இருக்கிறது: வழக்கமான முறையில் வடித்துக் கொட்டப்படும் நீர் இங்கே பாத்திரத்திலேயே தங்கிக் குழம்பாகிறது. சோற்றைக் கஞ்சி வடித்து எடுப்பதற்கும், அளவாக நீர் வைத்துப் பொங்கி இறக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இம்முறையின் அடிப்படை ஏற்கெனவே பழக்கமானதுதான்.

உலர் பாஸ்தா டூரம் என்னும் கடினக் கோதுமையிலிருந்து செய்யப்படுகிறது. இதன் மணிகள் அரைபடும்போது எளிதில் மென்மாவாகாமல், மஞ்சள் சாயல் கொண்ட ரவையாக உடைகின்றன. இத்தாலியில் விற்கப்படும் உலர் பாஸ்தா இந்த ரவையாலேயே செய்யப்பட வேண்டும் என்று 1967இல் அந்நாடு சட்டமே இயற்றியது. ரவையை நீர்விட்டுப் பிசையும்போது கோதுமையின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் எனப்படும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன; மாவுச்சத்து மணிகள் அந்த வலையின் கண்களுக்குள் சிறைப்படுகின்றன. பிசைந்த மாவை அச்சுத் துளைகளின் வழியே அழுத்தி வடிவம் கொடுத்து உலர்த்தினால், மாதக்கணக்கில் கெடாத பாஸ்தா கிடைக்கிறது.

இதைக் கொதிநீரில் இடும்போது இரண்டு மாற்றங்கள் போட்டியிட்டு நிகழ்கின்றன. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்குகின்றன. அதே வெப்பம் புரத வலையையும் இறுக்கி நிலைப்படுத்துகிறது. உட்புறத்தில் வலை வலுவாக இருப்பதால் மாவுச்சத்து வெளியேற இயலாமல் அங்கேயே வெந்து குழைகிறது. மேற்பரப்பிலோ சில மணிகள் வெடித்து, அமைலோஸ் என்னும் நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறுகள் நீரில் கரைந்து கலக்கின்றன. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் என்ற இத்தாலிய மரபுக் கணக்கில் இந்த மாவுச்சத்து மிகவும் நீர்த்துப்போய் வடிநீரோடு சென்றுவிடும்.

அவ்வளவு நீர் உண்மையில் தேவையா என்ற கேள்வியை உணவறிவியல் எழுத்தாளர் ஹரால்டு மெக்கீ 2009இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுப்பினார். மிகக் குறைந்த நீரில், அதுவும் குளிர்ந்த நீரிலிருந்தே தொடங்கினாலும், அடிக்கடி கிளறிவிட்டால் பாஸ்தா நன்றாகவே வேகும் என்று அவர் காட்டினார். தளதளவென்ற கொதியும் கட்டாயமன்று. கொதித்தபின் அடுப்பை அணைத்து மூடிவைத்தே பாஸ்தாவை வேகவைக்கலாம் என்ற கருத்தை இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரிசி 2022இல் பகிர்ந்தபோது இத்தாலியச் சமையற்கலைஞர்கள் சிலர் கொதித்தெழுந்தனர். இயற்பியல் அவர் பக்கமே இருந்தது. பாஸ்தாவின் நடுப்பகுதியை வேகவைப்பது நீரின் ஆரவாரமன்று, மெதுவாக உள்ளே ஊடுருவும் ஈரமும் வெப்பமுமே.

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் முறையைப் பெரிதும் பரப்பியது அமெரிக்க இல்லக்கலை எழுத்தாளர் மார்த்தா ஸ்டூவர்ட்டின் இதழில் 2013இல் வெளிவந்த ஒரு குறிப்பு. சுமார் 340 கிராம் பாஸ்தா, சிறு தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை ஏறத்தாழ 1 லிட்டர் நீரில் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடச் சொன்ன அக்குறிப்பில் கோழிக்கறி இல்லை. நீர்க்கணக்கு மட்டும் இன்றும் பொருந்துகிறது. பாஸ்தாவின் எடையைப்போல் மூன்று மடங்கு நீர் என்பதே அக்கணக்கு. 250 கிராம் பாஸ்தா வேகும்போது தன் எடையைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 325 மில்லிலிட்டர் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அகன்ற பாத்திரத்தைத் திறந்துவைத்தால் ஆவியாக ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் போகும், எஞ்சியதே குழம்பு. ஆகவே 750 மில்லிலிட்டரில் தொடங்கி, கைக்கருகே ஒரு குவளை வெந்நீரை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடிப்போனால் நீர் சுண்டுவதற்குள் பாஸ்தா குழைந்துவிடும். நீரில் மாவுச்சத்தின் செறிவு மிகுவதால் முதல் இரண்டு நிமிடங்கள் கிளறாமல் விட்டால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், அடியும் பிடிக்கும். அதனால் நீண்ட ஸ்பகெட்டியைவிட பேனே போன்ற குட்டையான குழல் வடிவங்களே இதற்கு ஏற்றவை.

கோழிக்கறியின் சிக்கல் வேறு வகையானது. பாஸ்தாவுக்கு 10 முதல் 13 நிமிடம் கொதி தேவைப்படுகிறது. சிறு துண்டுகளாக்கிய நெஞ்சுக்கறியோ அதில் பாதி நேரத்திலேயே வெந்து, அதற்கு மேல் தசைப் புரதங்கள் சுருங்கி நீரை வெளியே பிழிந்துவிடுவதால் சக்கையாகிவிடும். தொடைக்கறி இதைத் தாங்கும். அதில் கொழுப்பும், கொலாஜன் எனப்படும் இணைப்புத் திசுப் புரதமும் மிகுதி. நீடித்த சூட்டில் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிக் குழம்புக்குக் கூடுதல் கொழகொழப்பையும் தருகிறது. எனவே எலும்பில்லாத் தொடைக்கறியே இங்கு முதல் தேர்வு. நெஞ்சுக்கறிதான் வேண்டுமென்றால் முதலில் வறுத்து வெளியே எடுத்துவைத்து, கடைசி நான்கைந்து நிமிடங்களில் மீண்டும் சேர்ப்பதே முறை. எந்தக் கறியானாலும் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் கிருமி அச்சம் நீங்கும்.

வறுக்கும் படியைச் சோம்பலால் தவிர்ப்போர் உண்டு. தவிர்த்தால் கிடைப்பது வெறும் அவித்த கறிதான். ஈரம் துடைத்த துண்டுகள் சூடான எண்ணெயில் 140 டிகிரிக்கு மேல் செல்லும்போது, அவற்றின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் மெயில்லார்ட் வினையில் இணைந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. நீர் ஊற்றியபின் 100 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறாது என்பதால் அந்த மணத்தை முன்னதாகவே ஈட்டிக்கொள்ள வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவை, வெங்காயம் வதக்கியபின் ஊற்றும் நீரால் சுரண்டிக் கரைத்தால் அது முழுவதும் குழம்பில் சேர்ந்துவிடும்.

உப்பில் பழைய கணக்கு செல்லாது. வடிக்கும் முறையில் உப்பின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். இங்கே இட்டதெல்லாம் தட்டுக்கு வருகிறது. இறுதியில் சேர்க்கும் பாலாடைக்கட்டியும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவருவதால், தொடக்கத்தில் ஒரு சிறு கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. பாலாடைக்கட்டியை அடுப்பை அணைத்தபிறகே தூவ வேண்டும். மிகுந்த சூட்டில் அதன் புரதங்கள் திரண்டு கட்டியாகும். மாவுச்சத்து அதைத் தடுக்கிறது. பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்த்துச் செய்யும் காச்சோ ஏ பெப்பே என்ற ரோமானிய உணவை ஆராய்ந்து, பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு மாவுச்சத்து இருந்தால் குழம்பு திரியாது என்று கணக்கிட்ட இத்தாலிய இயற்பியலாளர்கள் 2025இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் பெற்றனர். வடிக்காத பாஸ்தாவில் அந்த மாவுச்சத்து பாத்திரத்திலேயே காத்திருக்கிறது.

குழம்பு சற்றுத் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைப்பது நல்லது. பாஸ்தா அதன்பின்னும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆற ஆற அமைலோஸ் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்காகிக் குழம்பை இறுக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் நான்கு கரண்டி நீர் அல்லது பால் விட்டு ஆவி பறக்கச் சூடாக்கினால் குழம்பு மீண்டும் இளகிக்கொடுக்கும். பாஸ்தா மட்டும் முதல்நாள் இருந்த பதத்துக்குத் திரும்பாது.