கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கு காட்டுமா?

நட்சத்திரம், மலை, மனிதன் என்று சாதாரணப் பொருள் எல்லாம் சேர்ந்த நிறையைப் போல் சுமார் 5 மடங்கு ‘கரும்பொருள்’ பிரபஞ்சத்தில் இருக்கிறதாம். அது ஒளி தராது. ஈர்ப்பு விசையால்தான் அது இருப்பதே தெரிகிறது. அப்போ எப்படித் தேடுவது?

ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கி.மீ. வளையத்தில் புரோட்டான்களை எதிரெதிரே மோத விடுகிறார்கள். 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற துகளை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அது உடனே சிதைந்து வேறு துகள்களாகிவிடும். சில சமயம் கரும்பொருள் துகளாகவும் மாறலாமோ என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

மாறினால் அது கருவியில் படாமல் தப்பிவிடும். ஆனா உந்தக் கணக்கு விடாது! மோதுவதற்கு முன் பக்கவாட்டு உந்தம் பூஜ்யம். மோதிய பிறகும் கூட்டினால் பூஜ்யம்தான் வரணும். சிதறியதெல்லாம் ஒரே பக்கம் போயிருந்தால், எதிர்ப்பக்கம் ஏதோ தெரியாமல் போயிருக்கு! நியூட்ரினோவும் இப்படித் தப்பும். அதைக் கழித்துவிட்டு மீதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் 100 ஹிக்ஸில் இப்படி மறைவது சுமார் 11-க்கு மேல் இருக்காது என்று 2023-ல் அட்லஸ் குழு கணித்தது. தேட வேண்டிய இடம் குறைந்துவிட்டதே!

கணக்கில் விடை வரலைன்னா நான் உடனே அழிச்சிடுவேன். இனிமேல், எதை விட்டேன்னு முதலில் தேடுவேன். நீங்களும் தேடுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி