‘டக்’ சத்தம் வரலையா? பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ரிலேவை பைபாஸ் செய்யும் முன் ஒரு நிமிஷம்!

பவர் சுவிட்சைத் தட்டியதும் டயல் விளக்கு எரிகிறது. எஃப்.எம். மீட்டரின் முள்ளும் ஆடுகிறது. ஆனால், வழக்கமாகச் சில விநாடிகளில் உள்ளேயிருந்து கேட்கும் அந்த ‘டக்’ சத்தம் மட்டும் வரவில்லை. பாட்டும் வரவில்லை.

1970-களின் பயனியர், மரான்ட்ஸ், சான்சுய் ரிசீவர்களைத் தேடிப்பிடித்து வாங்குபவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. உடனே ஒரு அட்வைஸும் வந்துவிடும்: “ரிலே போச்சு, ஒயரை நேரா சேர்த்து பைபாஸ் பண்ணிடுங்க!”

ஸ்பீக்கர் மேல் ஆசை இருந்தால் அதை மட்டும் செய்யவே கூடாது. ரிலே கெட்டுப்போகாமல், தன் வேலையைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ரிலே எதற்கு?

அதற்கு முந்தைய பல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் பெரிய கெபாசிட்டர் ஒன்று இருக்கும். டி.சி. மின்சாரத்தை அது தடுத்துவிடும். பிளஸ், மைனஸ் என இரட்டை சப்ளை கொண்ட டிசைன்கள் 70-களில் பரவலானபோது அந்த கெபாசிட்டர் காணாமல்போனது. பாட்டு ஓடாதபோது அவுட்புட்டில் கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட்தான் என்பதால் அதற்குத் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் மொத்த சப்ளையும் நேராக ஸ்பீக்கருக்குப் பாயும். சப்ளை 35 வோல்ட், ஸ்பீக்கர் 8 ஓம் என்று வைத்துக்கொண்டால் 4 ஆம்பியருக்கு மேல், அதாவது சுமார் 150 வாட். இசையைப் போல ஏறி இறங்காமல் ஒரே சீராக அடிக்கும். வாய்ஸ் காயில் கருகச் சில விநாடிகள் போதும். அவுட்புட்டில் டி.சி. தெரிந்தால் இணைப்பைத் துண்டிப்பதுதான் ரிலேவின் முக்கிய வேலை. ஆன் செய்ததும் கேட்கும் ‘தொம்’ சத்தத்தை மறைக்கவே அந்தச் சில விநாடி தாமதம்.

முதலில் மல்டிமீட்டர்

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ரிலேவுக்கு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இரண்டு சேனல்களிலும் டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. பல வோல்ட் காட்டினால் குற்றவாளி ரிலே இல்லை, ஆம்ப்ளிஃபையர்தான். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் இருந்து தேட வேண்டியதுதான். சரிபார்த்த பிறகு முதல்முறை ஆன் செய்யும்போது, மெயின்ஸ் வழியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டுக்கொள்வது நல்லது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரிந்துகொண்டே இருக்கும்; புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர்கள் தப்பிக்கும்.

இரண்டு சேனலும் சுத்தம், ஆனாலும் ‘டக்’ இல்லையா? ரிலேவின் காயிலில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். எத்தனை வோல்ட் என்பது பெரும்பாலும் ரிலே மேலேயே அச்சாகியிருக்கும். 24 வோல்ட் சகஜம். அது வந்தும் ரிலே அசையவில்லை என்றால்தான் ரிலே போச்சு. வரவில்லை என்றால், தாமதத்தை உண்டாக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், ரிலேவை இயக்கும் டிரான்சிஸ்டர், சப்ளை கொடுக்கும் ரெசிஸ்டர் ஆகியவற்றில் ஒன்று காலி. நாற்பது, ஐம்பது வருஷத்து கெபாசிட்டரை முதலில் சந்தேகிப்பதில் தப்பே இல்லை.

‘டக்’ வருகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மி. வால்யூமை ஏற்றினால் திடீரென்று சரியாகிறது என்பது வேறு கதை. ரிலேவின் கான்டாக்ட்கள் கறுத்திருக்கலாம். ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்ச் அழுக்கானாலும் இதே அறிகுறிதான் என்பதால், அதை முதலில் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து பார்க்கலாம். ரிலேவுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். அதே காயில் வோல்டேஜ், அதே ஆம்பியர், அதே பின் அமைப்பில் புது ரிலே போடுவதே நிம்மதி.

பவரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல். அவரும் “பைபாஸ் பண்ணிடலாம் சார்” என்றால், செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.