எலிபெண்டா தீவில் தனியாக ஓர் இரவு தங்க முடியுமா?

ஆள் அரவம் இல்லாத தீவு. கடற்கரையில் ஒரு சிறு கூடாரம். அதில் நாம் மட்டும்!

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுகிறவருக்கு இப்படி ஓர் ஆசை வந்தால் அதில் வியப்பு இல்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் அது வரத்தான் செய்கிறது.

இதற்காக அந்தமானுக்குக் கப்பல் ஏற வேண்டாம். 'கேட்வே ஆப் இந்தியா'வில் விசைப்படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தீவு வந்துவிடும். நாம் எலிபெண்டா என்கிறோம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது காராபுரி. ராய்காட் மாவட்டம், உரண் தாலுகாவைச் சேர்ந்தது.

ஆனால் வெளியார் இரவில் தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு கிளம்பும்போது உல்லாசப் பயணிகள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். கூடாரமாவது, ஒன்றாவது!

70 ஆண்டு இருட்டு

படகு போன பிறகு அங்கே இருப்பவர்கள் ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்ற மூன்று கிராமத்து மக்கள்தான். எதிரே மும்பை நகரம் விடிய விடிய விளக்கு வெளிச்சத்தில் மின்னும். இவர்கள் வீடுகளிலோ 2018 வரை மாலையில் ஜெனரேட்டர் ஓடிய சில மணி நேரம்தான் வெளிச்சம் இருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து 70 ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில்தான் மின்சாரம் வந்தது. கடலுக்கு அடியில் ஏழரை கிலோ மீட்டர் நீளத்துக்குக் கேபிள் போட்டார்கள். செலவு சுமார் 25 கோடி ரூபாய்.

கூடாரம் போட நினைக்கும் நமக்கு இருட்டு ஓர் அழகு. பரீட்சைக்குப் படித்த அந்தக் கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

பயணி வந்தால்தான் பிழைப்பு

குகைக் கோவிலுக்கு ஏறும் படிக்கட்டின் இரு பக்கமும் கடைகள். மணிமாலை, தொப்பி, சிறு சிலைகள் விற்கிறார்கள். (கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பறித்துவிடும்!) பயணி வராத நாளில் வியாபாரம் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் குகைகள் மூடப்பட்டன. 2021 ஏப்ரலில் மறுபடியும் இரண்டு மாதம் பூட்டு. அதன் பிறகு கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது.

அந்த நிலையில் 2024 டிசம்பர் 18-ந்தேதி, நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போன 'நீல்கமல்' படகு மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை அதிவேகப் படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். அதைப் படித்தவர்களுக்குப் படகில் கால் வைக்கப் பயம் வராமல் இருக்குமா? அதற்குப் பிறகு பயணிகள் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தனிமை வேண்டுமா?

பகலிலேயே தனிமை கிடைக்கும். கூட்டம் பெரும்பாலும் முதல் குகையில், சுமார் 20 அடி உயரமுள்ள மூன்று முக சிவபெருமானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பழைய பீரங்கிகள் இருக்கும் குன்றுக்கு ஏறினால் காற்றும் கடலும்தான் துணை.

தீவுக்கு எலிபெண்டா என்று பெயர் வாங்கிக்கொடுத்த கல் யானையை அங்கே தேடாதீர்கள். அது பைகுல்லா ராணிபாக்கில் நிற்கிறது. பிள்ளைகளோடு மிருகக்காட்சி சாலைக்குப் போன பலர், அது இன்ன யானை என்று தெரியாமலே பார்த்திருப்பார்கள்.

திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரவும் அதே டிக்கெட்தான், பத்திரம்.