பம்பு இல்லாத ஹைட்ரோபோனிக்ஸ்: ஒரு வாளி, ஒரு மூடி, கொஞ்சம் காற்று

ஹைட்ரோபோனிக்ஸ் என்று யூடியூபில் தேடினால் முதலில் வருவது வெள்ளை பிவிசி குழாய்கள், பம்பு, டைமர், கலர் கலராக எல்இடி விளக்கு. கூடவே ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஒரு கிட். இதைப் பார்த்துட்டு "நமக்குச் சரிப்பட்டு வராது"ன்னு பலர் விட்டுடறாங்க. சிலர் வாங்கிடறாங்க, ரெண்டு மாசம் கழிச்சு அது மாடிப்படிக்குக் கீழே தூங்குது. இந்தக் குறிப்பு ரெண்டு பேருக்கும்தான். ஒரு வாளியும் மூடியும் உரமும் இருந்தால் வீட்டிலேயே கீரை எடுக்கலாம். ஆனால் அந்த வாளிக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்திருக்க வேண்டும்.

மண் என்ன செய்கிறது?

மண் செடிக்கு நான்கு வேலை செய்கிறது. நிற்க இடம், தண்ணீர், சத்து, வேருக்குக் காற்று. முதல் மூன்றையும் மண் இல்லாமல் கொடுக்க முடியும் என்பது பழைய செய்தி. 1860களிலேயே ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ் உப்புகள் கரைத்த தண்ணீரில் செடிகளை வளர்த்துக் காட்டிவிட்டார். 1930களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் இதைத் தக்காளி விளைச்சல் வரை கொண்டுபோனார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937இல் அவர் எழுதியதில்தான் அச்சேறியது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட சத்துக் கரைசல் கணக்குதான், சில மாற்றங்களோடு, இன்றைக்கும் ஆய்வகங்களில் ஓடுகிறது.

சிக்கல் நாலாவது விஷயத்தில்தான். வேரும் மூச்சு விடுகிறது. தொட்டிச் செடிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றினால் அழுகிப் போவது தண்ணீராலே இல்லை, காற்று இல்லாததாலே. வாளி முழுக்கத் தண்ணீர் நிரப்பி அதில் வேரை முக்கி வைத்தாலும் இதே கதிதான். அதனால்தான் பெரிய அமைப்புகளில் பம்பு வைத்துத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அல்லது மீன் தொட்டி மோட்டாரால் காற்றை ஊதுகிறார்கள். குழாயில் மெல்லிய தண்ணீர் ஓடும் அமைப்பில், கோடை மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட் போனால் செடி துவண்டுவிடும். நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

கிராட்கி முறை

ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். தண்ணீரை ஓட்ட வேண்டாம், காற்றும் ஊத வேண்டாம். மூடியில் ஓட்டை போட்டு, அதில் தொங்கும் சின்ன வலைக்கூடையில் நாற்றை வையுங்கள். ஆரம்பத்தில் கரைசல் கூடையின் அடியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரக் காற்று நிறைந்த இடைவெளி உண்டாகும். அங்கே இருக்கும் வேர்கள் நிறையக் கிளை விட்டுக் காற்றை எடுத்துக்கொள்ளும். கீழே உள்ளவை தண்ணீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் பெரும்பாலான வாளிகள் கெடுகின்றன. தண்ணி குறைஞ்சா ஊத்தணும் என்று நம்ம கை பழகியிருக்கிறது. மறுபடி விளிம்பு வரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கிச் செடி சாகும். அடியில் கால் வாளிதான் மிச்சம் என்றால் கொஞ்சம் ஊற்றலாம். ஆனால் பாதி வாளிக்கு மேலே ஏற்றக்கூடாது.

செய்யும் முறை

பாத்திரம்: ஒரு லெட்டூஸ் செடிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் கரைசல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் கேன் ஒரு செடிக்குச் சரி. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். அதனால் முதலில் கறுப்பு பெயிண்ட், அதன் மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும், வெள்ளை சூட்டைத் திருப்பும்.

நாற்று: ஈரமான ஸ்பாஞ்சுத் துண்டில் விதை போட்டு, மூன்று நான்கு இலை வந்ததும் கூடைக்கு மாற்றலாம். கூடைக்குப் பதில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கப் போதும்.

தண்ணீர்: போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம் என்றால் உரத்துக்கு இடமே இருக்காது. மழைநீர், அல்லது ஆர்ஓ வடிகட்டிய நீர் நல்லது. ஆர்ஓ கழித்து வெளியே விடும் நீர் வேண்டவே வேண்டாம், அதில்தான் எல்லா உப்பும் சேர்ந்திருக்கும்.

உரம்: ஏ, பி என்று ரெண்டு பாட்டிலாக விற்பதை வாங்குங்கள். பாக்கெட்டில் போட்ட அளவுதான் அளவு, நாற்றுக்கு அதில் பாதி. ஏன் ரெண்டு பாட்டில்? ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் சல்பேட், பாஸ்பேட். கெட்டியாக இருக்கும்போது ரெண்டையும் கலந்தால் வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால் ஒன்றைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிவிட்டு, பிறகு அடுத்தது.

"கடையில் 19:19:19 கிடைக்குதே, அது போதாதா?" போதாது. அதில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. நைட்ரஜனிலும் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் பாக்டீரியா அதை மாற்றிக் கொடுக்கும், வாளியில் அந்த ஆள் இல்லை. பஞ்சகவ்யம் ஊற்றலாமா என்றால் அதுவும் வேண்டாம். தேங்கிய நீரில் அது அழுகும்போது இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் தின்றுவிடும். மண்ணுக்கு அது நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

பிஎச்: 5.5 முதல் 6.5க்குள். சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் போதும். அளவு ஏறிவிட்டால் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்; இரும்புச்சத்து வேருக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

கொசு, வெயில்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாளித் தேங்கிய நீர் தாராளம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மூடிக்கும் கூடைக்கும் நடுவே சந்து இருக்கக்கூடாது. பயன்படாத ஓட்டையைக் கொசுவலைத் துணியால் அடையுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் புழு நெளிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதற்கு நேரம் இல்லை என்றால் இந்த முறை வேண்டாம். மண் தொட்டியே மேல்.

அடுத்து வெயில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5தான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும்போதே காற்று குறைகிறது. வேரழுகல் பூஞ்சைகளுக்கும் அதுதான் கொண்டாட்டம். சென்னை மே மாதத்தில் மொட்டை மாடி வாளிக்குள் கை வைத்துப் பாருங்கள், சொல்லாமலே புரியும். காலை வெயில் மட்டும் படும் பால்கனி நல்ல இடம். தரையின் சூடு ஏறாமல் செங்கல் மேல் வையுங்கள்.

எதில் ஆரம்பிக்கலாம்?

என் சிபாரிசு வள்ளைக்கீரையும் புதினாவும். வள்ளைக்கீரை இயல்பிலேயே நீரில் வளர்வது, சூடும் தாங்கும். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டு ரெண்டு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். பாலக்கும் லெட்டூஸும் நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும். தக்காளி நிறையத் தண்ணீர் குடிக்கும், 5 லிட்டர் கேனில் அதைத் தொடாதீர்கள்.

இதனால் காய்கறிச் செலவு குறையுமா என்றால், குறையாது. வாங்கும் கீரைக் கட்டு இதைவிட மலிவு. மண்ணும் மொட்டை மாடியும் இல்லாத வாடகை வீட்டில், ஜன்னலோரம் ரெண்டு கேனில் பச்சையாக ஏதாவது வளரும். சட்னிக்குப் புதினா கிள்ளலாம். அறுவடை முடிந்து மிஞ்சும் கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல், நிறையத் தண்ணீர் கலந்து பூந்தொட்டிக்கு ஊற்றிவிடுங்கள். கிட் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஒரு கேனை வைத்து, தண்ணீர் இறங்குவதைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகுங்கள்.