ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஸ்டாக் எடுப்பேன். போன வருஷம் ஒரு ராத்திரி, திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் என் செகண்ட் ஹாண்ட் காரின் டிக்கியைத் திறந்து ஸ்டாக் எடுக்க நேர்ந்தது. விவரம் வருமாறு:

கம்பி முறிந்த குடை ஒன்று. பாங்க் காலண்டர் சுருட்டியபடி மூன்று. பையனின் பிளாஸ்டிக் பேட். ஒற்றைச் செருப்பு. கல்யாணத் தாம்பூலப் பை, தேங்காய் சகிதம். கார் கம்பெனி கொடுத்த சிவப்பு முக்கோணம், உறை பிரிக்காமல் (முதல் ஓனரும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை). எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டெப்னி. அமுக்கிப் பார்த்தேன். பழுத்த பப்பாளி மாதிரி உள்ளே போனது.

கும்பகோணத்தில் மறுநாள் காலை கிரகப்பிரவேசம். ஆபீஸிலிருந்து நான் வர லேட். கிளம்பவும் லேட். "விக்கிரவாண்டியில சாப்ட்டுக்கலாம்" என்று எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தால், இடது பின் டயர் பஞ்சர். மணி ஒன்பதரை. செல்போனில் நாலு பர்சென்ட் சார்ஜ். சார்ஜர் பத்திரமாக வீட்டு டி.வி. மேஜையில் இருந்தது.

அப்போதுதான் அந்த லாரி நின்றது. நாமக்கல் பக்கத்து வண்டி. டிரைவர் இறங்கி வந்தார்.

"பஞ்சருங்களா சார்?"

"ஆமாங்க. ஸ்டெப்னியிலயும் காத்து இல்லை."

"அது கெடக்குதுங்க. வண்டிக்குள்ள ஆரு?"

"அம்மா, ஒய்ஃப், பையன்."

"மொதல்ல அவங்கள எறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க. நிக்கிற வண்டின்னு தெரியாமயே வந்து ஏத்துறவன் ஜாஸ்திங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஏ.ஸி. போய்விடுமே என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார வைத்திருந்தேன். அவர் முள் மரத்தில் ஒரு கிளையை ஒடித்து சாலையில் போடப் போக, நான் வெட்கத்தோடு முக்கோணத்தை உறை பிரித்துக் கொடுத்தேன். கார் பம்பரை ஒட்டியா வைப்பது? அவர் எழுபது தப்படி பின்னால் போய் வைத்துவிட்டு வந்தார். ஐம்பது மீட்டராவது இருக்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் ஒரு செகண்டில் இருபத்திரண்டு மீட்டர் வந்துவிடுகிறான். ஐம்பது மீட்டர் என்பது அவனுக்கு இரண்டே கால் செகண்ட். கணக்கு பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

அம்மா காரை விட்டு இறங்கும்போதே தள்ளாடினாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுக்கம். சர்க்கரைக்காரி. எட்டு மணி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போட்டுக்கொண்டுவிட்டாள். சாப்பாடுதான் விக்கிரவாண்டியில் காத்திருந்தது. லோ-சுகர். பிஸ்கட்டைப் பையன் தாம்பரத்திலேயே தீர்த்துவிட்டான். டாஷ்போர்டைக் கவிழ்த்தேன். டோல்கேட் ரசீதுகளும் ஒரு சென்ட் பாட்டிலும் விழுந்தன.

மனைவிதான் தாம்பூலப் பையை உதறினாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், கடைசியில் ஒரு சின்னக் கல்கண்டுப் பொட்டலம். "வாயில போட்டுக்குங்கம்மா." கால் மணி நேரத்தில் அம்மா, "காருக்கு எத்தனை கொடுத்தே?" என்று கேட்கிற அளவுக்குத் தெளிந்தாள்.

அதற்கு முன்பே டிரைவர் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு லாரிக்குப் போயிருந்தார். லாரிக்கு ஏர் பிரேக். அதற்கென்று காற்றுத் தொட்டி உண்டு. அதில் ஒரு ஹோஸைச் செருகி, எனக்கு வேண்டிய காற்றை இரண்டு நிமிஷத்தில் ஏற்றிவிட்டார். பணம் வாங்கவில்லை. "அந்தக் காலண்டரு இந்த வருஷத்துதுங்களா?" என்றார். மூன்றில் ஒன்று இந்த வருஷத்தியது. கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் டிக்கியைக் காலி செய்தேன். இப்போது அதில் இருப்பதைச் சொல்கிறேன்.

ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது. மற்ற நாலு டயருக்குக் காற்று பார்க்கும்போது ஐந்தாவதையும் பார்க்கணும். பங்க்கில் பையன் கேட்க மாட்டான், நாம்தான் சொல்லணும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் நம் காருக்குப் பொருந்துகிறதா என்று வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்டிப் பாருங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம்தான் ஜாக்கி ஏற்றணும். தூக்கிவிட்டுத் திருகினால் நட்டுக்குப் பதில் சக்கரம் சுற்றும். திருட்டுப் பயத்தில் லாக் நட் போட்டவர்கள் அதன் சாவியைக் காரிலேயே வைக்கணும். பீரோவில் இல்லை.

டிக்கியில் காஸ் சிலிண்டர் இருக்கிற சில கார்களிலும் பல எலெக்ட்ரிக் கார்களிலும் ஸ்டெப்னியே கிடையாது. 2020-இல் விதியையே திருத்திவிட்டார்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. இவர்களுக்கு, சிகரெட் லைட்டர் துளையில் செருகிக் காற்றடிக்கும் குட்டி பம்ப் ரொம்ப அவசியம். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். குடும்பத்தோடு ஒரு தடவை ஹோட்டலுக்குப் போகிற செலவுதான்.

ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி. பாட்டரி படுத்துவிட்டால் அடுத்த காரிலிருந்து கரண்ட் கடன் வாங்க. சிவப்பு முதலில் நம் ப்ளஸ், பிறகு அவர் ப்ளஸ். கறுப்பு முதலில் அவர் மைனஸ். மறுமுனை நம் பாட்டரியில் அல்ல, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பாட்டரியை விட்டுத் தள்ளி. பாட்டரிப் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது என்பதற்காக.

டார்ச், சார்ஜர், தண்ணீர், முதலுதவிப் பெட்டி இதெல்லாம் சொல்லாமலே தெரியும். ஆனால் அந்தப் பெட்டியில் மாத்திரைகளை வருஷக்கணக்கில் வேக வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய கார் ஒரு இட்லிக் குண்டான். சென்ட் ஸ்ப்ரே, பவர் பாங்க் இரண்டையும் இறங்கும்போது கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

கண்ணாடி உடைக்கிற சுத்தியல் டிக்கியில் இருந்தால் பிரயோஜனமில்லை. 2015 டிசம்பரில் சென்னை முழுக்கத் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் டிக்கிக்குப் போக முடியாது. சீட் பக்கத்தில் இருக்கணும். முன் கண்ணாடியைத் தட்டாதீர்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, விரிசல் விடும், வழி விடாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் தட்டணும்.

லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். செல்லில் சார்ஜ் இருந்தால்! மூன்று நம்பர்களைப் பேப்பரில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன்: நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112.

அப்புறம் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

தேங்காய் சட்னியாகிவிட்டது. தாம்பூலப் பையை அம்மா எடுக்க விடவில்லை. கல்கண்டு போட்டு அவளே டாஷ்போர்டில் வைத்திருக்கிறாள்.

அந்த ஒற்றைச் செருப்பு மட்டும் இன்னும் யாருடையது என்று தெரியவில்லை. வலது கால், ஒன்பதாம் நம்பர். உங்களுடையது என்றால் எழுதுங்கள்.